தைல மரம் துணியாகும் புதிய வழி
மரக் கூழை இடைவிடாமல் கரைத்து இழை எடுக்கும் முறை

தைல மரத்தையும் சவுக்கையும் வெட்டி லாரியில் ஏற்றி அனுப்பும் விவசாயிக்கு, அந்த மரம் ஆலைக்குப் போய்க் காகிதமாகிறது என்பது தெரியும். அதே தைல மரத்திலிருந்து சேலையும் சட்டைத் துணியும் நெய்வதற்கான இழை எடுக்கப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. விஸ்கோஸ் ரேயான் என்று கடைகளில் விற்பது அத்தகைய துணியே ஆகும். அதற்கு அடுத்த தலைமுறையாக லயோசெல் என்ற இழை வந்துள்ளது. திருப்பூர், ஈரோடு, கோவைப் பகுதிகளில் நூலும் துணியும் கையாளுகிறவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானதே. வியாபாரப் பெயராக டென்சல் என்றும் சொல்வார்கள்.

பெயர் மட்டும் புதிதல்ல, ஆலைக்குள் நடக்கும் வேலையும் அடியோடு வேறானது. அந்த வேலை எப்படி நடக்கிறது, ஆற்றுத் தண்ணீருக்கு அதனால் என்ன வேறுபாடு, மரம் வளர்ப்பவர்களுக்கும் பருத்தி பயிரிடுபவர்களுக்கும் அதில் என்ன இருக்கிறது என்பவற்றை விவசாயிகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மரத்தில் எவ்வளவு இழை?

ஈரமில்லாத மரத்தில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவிகிதம் வரை செல்லுலோஸ் என்ற பொருள் இருக்கிறது. பருத்திப் பஞ்சில் இருப்பதும் இதே செல்லுலோஸ்தான். மற்ற பாதி லிக்னின் என்ற பிசின் போன்ற பொருளும், ஹெமிசெல்லுலோஸ் என்ற குட்டையான சர்க்கரைச் சங்கிலிகளும் ஆகும். செங்கல்லைச் சேர்த்துப் பிடிக்கும் சுண்ணாம்புச் சாந்து போல, செல்லுலோஸ் இழைகளை லிக்னின் சேர்த்துப் பிடித்திருக்கிறது.

மரத்தைச் சிறு சில்லுகளாக வெட்டி, மருந்துகளுடன் கொதிகலனில் வேகவைத்து, லிக்னினையும் ஹெமிசெல்லுலோஸில் பெரும் பகுதியையும் கழுவி நீக்கினால் மிஞ்சுவது வெள்ளைக் கூழ். காகிதத்திற்கான கூழில் கொஞ்சம் ஹெமிசெல்லுலோஸ் தங்கினால் தீங்கில்லை. காகிதம் ஒட்டிப் பிடிப்பதற்கு அது உதவவும் செய்யும். துணிக்கான கூழ் அப்படி இருக்கக் கூடாது. அதில் 90 சதவிகிதத்துக்கு மேல் சுத்தமான செல்லுலோஸ் இருக்க வேண்டும். இதைக் கரைக்கும் தரக் கூழ் என்பார்கள். இவ்வளவு தூரம் சுத்தம் செய்வதால் 100 கிலோ உலர்ந்த மரத்தில் 35 முதல் 40 கிலோ கூழ்தான் கிடைக்கும்.

புதிதாக வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீர். ஆகவே 10 டன் பச்சை மரம் ஏற்றிய ஒரு லாரியில் உண்மையான மரம் 5 டன்தான். அதிலிருந்து 2 டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் கூழ் கிடைக்கும்; ஏறக்குறைய அதே அளவு இழையும் கிடைக்கும். மரத்தின் விலைக்கும் துணியின் விலைக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பார்த்து மலைக்கும் விவசாயி இந்தக் கணக்கையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பழைய முறையில் இருந்த தொல்லை

செல்லுலோஸ் தண்ணீரில் கரையாது. எண்ணெயில் கரையாது. சாராயத்தில் கரையாது. கரைந்திருந்தால் பருத்தி வேட்டி முதல் மழையிலேயே போயிருக்கும். ஆனால் கூழிலிருந்து நீண்ட இழை எடுக்க வேண்டுமானால் அதைப் பாகு போலக் கரைத்துத்தான் ஆக வேண்டும். இடியாப்பக் குழலில் மாவைப் பிழிவது போல, அந்தப் பாகை நுண்ணிய துளைகள் வழியே பிழிந்தால்தான் இழை வரும்.

1892-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூவர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கூழைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துப் பிழிந்து, துருவி, காற்றில் சிறிது பதப்படுத்தி, பிறகு கார்பன் டை சல்பைடு என்ற கந்தகத் திரவத்தின் ஆவியுடன் சேர்ப்பது அவர்கள் முறை. செல்லுலோஸ் அப்போது ஆரஞ்சு நிறமான வேறொரு பொருளாக மாறும். அது காஸ்டிக் சோடாவில் கரையும். அந்தப் பாகைக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பிழிந்தால் மறுபடியும் செல்லுலோஸ் ஆகிவிடும். இதுவே விஸ்கோஸ். கோர்ட்டால்ட்ஸ் என்ற கம்பெனி 1904-இல் இதன் உரிமையை வாங்கி, கவன்ட்ரி நகரில் ஆலை வைத்துப் பெரும் தொழிலாக வளர்த்தது.

துணி நன்றாகத்தான் இருந்தது. தொல்லை ஆலையைச் சுற்றியிருந்தவர்களுக்கு. 100 கிலோ செல்லுலோஸுக்குச் சுமார் 30 கிலோ கார்பன் டை சல்பைடு தேவைப்படும். இது நரம்புகளைக் கெடுக்கும் விஷம். சூடான நீராவிக் குழாயின் மேல் பட்டாலே தீப்பிடிக்கக் கூடியது. அமிலத் தொட்டியிலிருந்து அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவும் கிளம்பும். கழிவு நீரில் சோடியம் சல்பேட் உப்பும் துத்தநாகமும் இருக்கும். இவற்றைப் பிடித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடுகளை நல்ல ஆலைகள் பின்னாளில் செய்துகொண்டன என்றாலும், பல ஊர்களில் அது காலங்கடந்தே நடந்தது.

நம் பக்கத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில் பவானி ஆற்றங்கரையில் 1960களின் தொடக்கத்திலிருந்து தென்னிந்திய விஸ்கோஸ் ஆலை நடந்தது. நீலகிரி மலையில் கற்பூர மரம் என்று அழைக்கப்படும் தைல மர வகையும் வாட்டில் மரமும் அங்கே கூழாயின. ஆலைக்குக் கீழே சிறிது தூரத்திலேயே பவானிசாகர் அணையின் நீர்ப் பரப்பு தொடங்குகிறது. அந்த அணையை நம்பிக் கீழ்பவானிப் பாசனம் நடக்கிறது. ஆற்று நீர் கெட்டது என்று 1990களில் விவசாயிகளும் ஊர் மக்களும் போராடினார்கள், வழக்குகள் நடந்தன. பிறகு ஆலை மூடப்பட்டது. கேரளத்தில் சாலியாற்றங்கரையில் மாவூர் ஆலையின் கதையும் ஏறக்குறைய இதேதான். நல்ல வேலை கொடுத்த ஆலை போயிற்றே என்று வருந்தியவர்களும் அந்த ஊர்களில் உண்டு. தண்ணீர் பிழைத்ததே என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

மாற்றாமலே கரைக்கும் மருந்து

செல்லுலோஸை வேறு பொருளாக மாற்றாமல், உப்பைத் தண்ணீரில் கரைப்பது போல அப்படியே கரைக்க முடியுமா என்று வேதியியலார் நெடுநாள் தேடினார்கள். அமீன் ஆக்சைடு என்ற வகைப் பொருள்கள் செல்லுலோஸைக் கரைக்கும் என்பதற்கு கிரேனாகர், சால்மன் என்ற இருவர் 1939-இல் காப்புரிமை பெற்றார்கள். அது முப்பது ஆண்டு காலம் ஏட்டிலேயே கிடந்தது. 1969-இல் ஈஸ்ட்மன் கோடாக் கம்பெனியைச் சேர்ந்த ஜான்சன் என்பவர் அதே வகையிலுள்ள வளையச் சேர்மங்களுக்குக் காப்புரிமை பெற்றார். அவற்றுள் என்-மெத்தில் மார்போலின் ஆக்சைடு என்பதே எல்லாவற்றிலும் ஏற்றதாக நின்றது. நீளமான பெயர், இனி இதைக் கரைப்பான் என்றே இங்கு குறிப்பிடலாம்.

1970களில் அமெரிக்காவில் அமெரிக்கன் எங்கா என்ற ரேயான் கம்பெனி இதில் இழை எடுத்துப் பார்த்தது. ஆனால் வணிக அளவுக்கு அதைக் கொண்டு செல்லவில்லை. கோர்ட்டால்ட்ஸ் கம்பெனி 1980களில் இதைக் கையில் எடுத்துப் பல ஆண்டு உழைத்து, 1992-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபீல் நகரில் முதல் பெரிய ஆலையைத் தொடங்கியது. ஆஸ்திரியாவின் லென்சிங் கம்பெனி 1997-இல் ஹைலிகன்குரோய்ஸ் என்ற ஊரில் தன் ஆலையைத் தொடங்கியது. 2004-இல் டென்சல் தொழிலையே லென்சிங் வாங்கிக் கொண்டது. விஸ்கோஸை வளர்த்த கோர்ட்டால்ட்ஸே விஸ்கோஸுக்கு மாற்றையும் தேடியது என்பது கவனிக்கத் தக்கது.

கூழ் கிண்டும் கணக்கு

கரைப்பான் கிடைத்தவுடன் வேலை முடிந்துவிடவில்லை. கரைக்கும் விதத்தில்தான் சிக்கலே இருந்தது.

கொதிக்கும் தண்ணீரில் கேழ்வரகு மாவை ஒரே மூச்சில் கொட்டினால் என்ன ஆகும் என்பது எல்லா வீட்டிலும் தெரியும். ஒவ்வொரு பிடி மாவும் மேலே வெந்து தோல் கட்டிக்கொள்ளும். உள்ளே தண்ணீர் போகாது. உடைத்துப் பார்த்தால் நடுவில் பச்சை மாவு அப்படியே இருக்கும். அதனால்தான் கூழ் காய்ச்சுகிறவர்கள் மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, பிறகு உலையில் ஊற்றிக் கிண்டுகிறார்கள்.

மரக் கூழிலும் இதே தொல்லை. வீரியமான கரைப்பானில் உலர்ந்த கூழைப் போட்டால், ஒவ்வொரு துண்டின் மேற்பரப்பும் உடனே கரைந்து பசை போல மூடிக்கொள்ளும். உட்பகுதி உலர்ந்தே நிற்கும். பிறகு எவ்வளவு கிண்டினாலும் அந்தக் கட்டி கரையாது. அந்தக் கட்டி துளைத் தட்டுக்குப் போனால் துளை அடைபடும், இழை அறுந்துவிடும்.

இதற்கு வழியாக அமைந்தது தண்ணீரே. இந்தக் கரைப்பானுக்கு ஒரு குணம் உண்டு. அதனுடன் நீர் கூடுதலாகச் சேர்ந்திருந்தால் அது செல்லுலோஸைக் கரைக்காது. உள்ளே புகுந்து ஊறி உப்பச் செய்யும், அவ்வளவுதான். நீர் குறைந்தால் உடனே கரைக்கத் தொடங்கிவிடும். ஆகவே முதலில் நீர் கலந்த கரைப்பானில் கூழை நன்றாக ஊறவைத்துக் குழம்பாக்கிக் கொள்கிறார்கள். நார்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மிதந்து, உள்வரை நனைந்திருக்கும் நிலை அது. அதன் பிறகு நீரை மட்டும் ஆவியாக்கி வெளியே எடுத்தால், நார்கள் உள்ளும் புறமும் ஒரே சமயத்தில் கரைந்துவிடும்.

அளவைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 100 கிலோ குழம்பில் ஏறக்குறைய 12 கிலோ செல்லுலோஸ், 69 கிலோ கரைப்பான், 19 கிலோ நீர் இருக்கும். இந்த நிலையில் அது ஈரமான இட்லி மாவைப் போல வெள்ளையாக, கரையாமல் இருக்கும். அதிலிருந்து 9 கிலோ நீரை மட்டும் எடுத்துவிட்டால், மீதி 91 கிலோவும் தேன் நிறத்தில் தெளிந்த கெட்டிப் பாகாகிவிடும். 9 கிலோ நீர்தான் கரையாததற்கும் கரைந்ததற்கும் நடுவில் நிற்கிறது.

இடைவிடாத ஓட்டம்

ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவையில் இதைச் செய்வது எளிது. நாளொன்றுக்குப் பல டன் செய்யும் ஆலையில், காலை முதல் இரவு வரை ஒரே சீராக ஓட வேண்டும். பாகின் கெட்டித்தன்மை சிறிது மாறினாலும் இழையின் பருமன் மாறும். கரும்பாலையில் சாறு வருவது ஒரு மணி நேரம் நின்றால் வரிசையாக எல்லா வேலையும் நிற்பதைப் போல, இங்கும் முதல் கட்டத்தில் தடங்கல் வந்தால் கடைசிக் கட்டம் வரை கெடும்.

கூழ் ஆலைக்குப் பெரிய காகிதச் சுருள்களாக வருகிறது. அதைத் துருவும் பொறியில் கொடுத்துச் சிறு துண்டுகளாக்குகிறார்கள். எடை பார்க்கும் பட்டையின் மேல் அது ஓடும்போதே, இவ்வளவு கூழுக்கு இவ்வளவு கரைப்பான் என்று கணக்கிட்டுக் குழாயில் திறந்துவிடும் ஏற்பாடு உண்டு. கூழில் இயல்பாக இருக்கும் ஈரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மழைக்கால ஈரமும் கோடைக்கால ஈரமும் ஒன்றல்ல என்பது நெல் விற்பவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கலக்கும் பாத்திரம் படுக்கை வாட்டில் அமைந்த பீப்பாய் போன்றது. நடுத் தண்டில் கலப்பைக் கொழு போன்ற தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும். அவை சுழலும்போது கூழைப் புரட்டி எடுத்து மேலே வீசி மறுபடியும் விழச் செய்யும். பாத்திரத்தின் சுவருக்கு வெளியே சூடு கொடுக்கிறார்கள். 70 முதல் 80 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் கூழ் ஊறிக் குழம்பாகிவிடும். சில ஆலைகளில் இப்படிப்பட்ட பாத்திரங்கள் இரண்டு மூன்றை மாற்றி மாற்றி நிரப்பிக் காலி செய்து ஓட்டம் தடைப்படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வேறு சில அமைப்புகளில் ஒரு பக்கம் கூழும் கரைப்பானும் நுழைய, மறு பக்கம் குழம்பு வெளியேறிக்கொண்டே இருக்கும். எப்படியானாலும் அடுத்ததாக ஒரு கிடங்குத் தொட்டி இருக்கும். கிணற்றிலிருந்து பம்பு நின்று நின்று ஊற்றினாலும் தரைத் தொட்டியிலிருந்து வாய்க்கால் சீராக ஓடுவதைப் போல, அந்தத் தொட்டி அடுத்த கட்டத்தைப் பட்டினி போடாமல் வைத்திருக்கும்.

அடுத்தது நீரைப் பிரிக்கும் கட்டம். செங்குத்தாக நிற்கும் ஓர் உயரமான உருளை. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்திருப்பார்கள். குழம்பு மேலே நுழையும். நடுவில் சுழலும் தண்டிலுள்ள தகடுகள் அதை உருளையின் சூடான உட்சுவரில் மெல்லிய படலமாகப் பூசிக்கொண்டே கீழே தள்ளும். தோசைக் கல்லில் மாவைத் தேய்ப்பது போல என்று சொல்லலாம். படலம் மெல்லியதாக இருப்பதாலும் காற்றழுத்தம் குறைவாக இருப்பதாலும் நீர் சட்டென்று ஆவியாகிவிடும். மேலே வெள்ளைக் குழம்பாக நுழைந்தது சில நிமிடங்களில் கீழே தெளிந்த பாகாக இறங்கும். வடிகட்டிய பிறகு நுண் துளைத் தட்டுகளின் வழியே பாகு பிழியப்படும். ஓரிரு சென்டிமீட்டர் காற்றில் இறங்கி நீண்டு, அது தண்ணீர்த் தொட்டிக்குள் போகும். தண்ணீர் பட்டதும் கரைப்பான் இழையை விட்டுவிடும்; செல்லுலோஸ் இழையாக நிற்கும். கழுவி, உலர்த்தி, வெட்டினால் பஞ்சு தயார்.

விஸ்கோஸில் கூழ் இழையாவதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். இந்த முறையில் சில மணி நேரம் போதும்.

சூட்டைக் காக்கும் கவலை

இவ்வளவு சுருக்கமான வேலையில் ஆபத்து இல்லாமல் இல்லை. பாகின் சூடு 70 டிகிரிக்குக் கீழே போனால் அது குழாய்க்குள்ளேயே உறைந்து கல்லாகிவிடும். மின்சாரம் நின்று குழாய் ஆறிவிட்டால் அதைச் சுத்தம் செய்வது பெரும்பாடு. மறுபக்கம் சூடு அதிகமானால் அதைவிடக் கேடு. 150 டிகிரியை நெருங்கினால் கரைப்பான் தானாகவே சிதையத் தொடங்கும்; சிதையும்போது மேலும் சூடு பிறக்கும்; அந்தச் சூடு மேலும் சிதைக்கும்.

ஈரத்தோடு போட்ட வைக்கோல் போர் உள்ளுக்குள் கொதித்து ஒரு நாள் தீப்பற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சிறிய குவியலில் சூடு வெளியேறிவிடும். பெரிய போரில் நடுவிலுள்ள சூட்டுக்குப் போக வழியில்லை. அதே காரணத்தால் குழாய் பருமனாக இருந்தால் பாகைச் சற்றுக் குறைந்த சூட்டிலேயே அனுப்ப வேண்டும். இரும்பும் செம்பும் மிகச் சிறிதளவு கலந்தாலும் இந்தச் சிதைவு விரைவாகும். ஆகையால் கூழில் உலோகம் இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். புரோப்பைல் காலேட் என்ற பொருளையும் சிறிது சேர்க்கிறார்கள். சமையல் எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள்களில் ஒன்றே இது. இவ்வளவுக்குப் பிறகும் அழுத்தம் ஏறினால் குழாய் வெடிக்காமல் தானே கிழிந்து வழிவிடும் மெல்லிய உலோகத் தகடுகளை ஆங்காங்கே பொருத்தியிருப்பார்கள்.

கரைப்பானைத் திருப்பி எடுப்பது

இந்த முறை பிழைப்பதும் பிழைக்காததும் ஒரே ஒரு கணக்கில் இருக்கிறது. 1 கிலோ இழைக்கு ஏறக்குறைய 5¾ கிலோ கரைப்பான் சுற்றி வருகிறது. அது விலை உயர்ந்த பொருள். அதில் 100-க்கு 1 பங்கு வீணானாலும் கிலோ இழைக்கு 57 கிராம் போய்விடும். நாளொன்றுக்கு 100 டன் இழை எடுக்கும் ஆலையானால் தினமும் 5¾ டன் கரைப்பான் கழிவில் கலக்கும். அப்படிப் போனால் முதலாளிக்கும் நட்டம், ஆற்றுக்கும் கேடு. ஆகவே 99 சதவிகிதத்துக்கு மேல் மீட்டெடுக்கிறார்கள். காசு மிச்சமாவதும் ஆறு மிச்சமாவதும் இங்கே ஒன்றாகவே நடக்கிறது. விஸ்கோஸில் அப்படி இருக்கவில்லை. அங்கே உப்பு நீரைக் கொட்டுவது மலிவு, பிடிப்பதுதான் செலவு.

மீட்பது சும்மா நடப்பதில்லை. கழுவிய தொட்டி நீரில் கரைப்பான் 20 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், கிலோ இழைக்குச் சுமார் 21 கிலோ நீரை ஆவியாக்கினால்தான் கரைப்பான் பழைய வீரியத்துக்கு வரும். நீராவி நிறைய வேண்டும். எரிபொருள் வேண்டும். இந்த முறை சுத்தமானது என்று விளம்பரம் செய்கிறவர்கள் கரியில் நீராவி எடுக்கிறார்களா, வேறு எதில் எடுக்கிறார்களா என்பதையும் சொல்ல வேண்டும். கூழ் செய்யும் கட்டமும் கணக்கில் சேர வேண்டும். மரத்தை வேகவைத்து வெளுக்கும் வேலை லயோசெல்லுக்கும் தேவை; அந்த ஆலையின் கழிவு நீர் வேறு விஷயம். இழை ஆலை சுத்தமாகிவிட்டதால் கூழ் ஆலையும் சுத்தமாகிவிட்டது என்று ஆகாது. ஆற்றங்கரை விவசாயி இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்பது அவசியம்.

இழையின் குணத்தையும் சொல்லிவிட வேண்டும். விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறையப் பாதி வலு போய்விடும். லயோசெல் நனைந்தாலும் பெரும் பகுதி வலுவைக் காக்கும். அதே சமயம் நனைந்த நிலையில் தேய்த்தால் இழையின் மேற்புறம் நுண்ணிய நார்களாகப் பிரிந்து பிசிறடிக்கும். துணி வெளுத்துப் பழையது போலத் தோன்றும். இதைச் சரிக்கட்டும் பக்குவங்களைக் கண்டுபிடிக்கவே சில ஆண்டுகள் ஆயின.

மரம் வளர்ப்பவருக்கு என்ன?

இன்று உலகில் லயோசெல்லுக்குப் போகும் கூழில் தைல மரக் கூழ் முக்கியமானது. லென்சிங் கம்பெனி பிரேசிலில் மற்றொரு கம்பெனியுடன் சேர்ந்து ஆண்டுக்கு 5 லட்சம் டன் கரைக்கும் தரக் கூழ் எடுக்கும் ஆலையை 2022-இல் தொடங்கியது. அதற்குப் பின்னால் 40,000 எக்டேருக்கு மேற்பட்ட தோட்டங்கள் உள்ளன. அதே ஆண்டு தாய்லாந்தில் பிராச்சின்புரியில் ஆண்டுக்கு 1 லட்சம் டன் இழை எடுக்கும் ஆலை ஓடத் தொடங்கியது. இந்தியாவில் கிராசிம் கம்பெனி குஜராத்தில் கராச் என்ற இடத்தில் பிர்லா எக்ஸெல் என்ற பெயரில் இந்த இழையைச் செய்கிறது. கரைக்கும் தரக் கூழ் எடுக்கும் ஆலை ஒன்று கர்நாடகத்தில் ஹரிஹர் அருகே துங்கபத்திரைக் கரையில் உண்டு.

ஐந்து ஏக்கரில் தைல மரம் போட்டவர் 40,000 எக்டேர் தோட்டத்தோடு போட்டியிடுகிறார் என்பதே இதன் பொருள். தமிழ்நாட்டில் சிறு விவசாயி விற்கும் தைல மரமும் சவுக்கும் பெரும்பாலும் காகித ஆலைக்கே போகின்றன. துணிக்கு மரம் வாங்குகிறோம், விலை இரண்டு மடங்கு என்று யாராவது தரகர் ஊருக்குள் வந்து முன்பணம் கேட்டால், எந்த ஆலைக்கு, எவ்வளவு தூரத்துக்கு, யார் செலவில் என்று எழுத்தில் கேட்க வேண்டும். ஆலையிலிருந்து தூரம் கூடக் கூட லாரி வாடகையே விலையைத் தின்றுவிடும். தைல மரம் நீரை அதிகம் எடுக்கும் என்ற குறை தெரிந்ததே. கிணற்று நீர் வற்றும் பகுதியில் இருந்தால் எந்த ஆலையின் பேச்சைக் கேட்டும் நஞ்சையில் அதைப் போடுவது சரியல்ல.

வைக்கோல், பருத்தி மார், கரும்புச் சக்கை இவற்றில் செல்லுலோஸ் இல்லையா, இவற்றை ஏன் வாங்கக் கூடாது என்று விவசாயிகள் கேட்பது நியாயமே. செல்லுலோஸ் இருக்கிறது. ஆனால் நெல் வைக்கோலை எரித்தால் 100 கிலோவுக்கு 15 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். அதில் பெரும் பகுதி சிலிகா, அதாவது மணற்சத்து. கூழ் ஆலையின் கொதிகலன்களில் அது படிந்து கல்லாகிவிடும். சக்கையில் ஹெமிசெல்லுலோஸ் அதிகம். காகிதத்துக்கு அது பொருந்தும். நம் காகித ஆலைகள் சக்கையைப் பயன்படுத்துவதும் அதனால்தான். துணிக்கு வேண்டிய அளவு சுத்தம் செய்யும்போது செலவு ஏறிவிடுகிறது.

பருத்தி விவசாயி கவனிக்க வேண்டியது வேறொன்று. பஞ்சு அரைத்த பிறகு கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் குட்டை நூலை லின்டர் என்பார்கள். சுத்தம் செய்தால் அது ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ்தான். மரத்தைப் போல லிக்னினை நீக்கும் பாடு அதில் இல்லை. கரைத்து இழை எடுக்கும் தொழில்களில் அதற்கு நெடுநாளாக இடம் உண்டு. கொட்டையை லின்டரோடு அப்படியே செக்கில் போட்டுவிட்டால் அந்த நூல் பிண்ணாக்கோடு போய்விடுகிறது. எண்ணெயையும் கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. ஆகவே லின்டர் எடுக்கும் வசதியுள்ள அரைவை ஆலை பக்கத்தில் இருந்தால் கொட்டைக்குத் தனி விலை கேட்கலாம். கூட்டாகக் கொண்டுபோனால் பேச்சுக்கு எடை இருக்கும்.

மரத்தை எந்த ஆலைக்கு விற்றாலும் பட்டையை உரித்து, மண் ஒட்டாமல் அடுக்க வேண்டும். பட்டையிலும் மண்ணிலும் இருக்கும் மணற்சத்தும் உலோகமும் கூழில் சேர்வதை எந்த ஆலையும் விரும்பாது. எடைக்கு விற்கும்போது வெட்டிய நாளும் எடை போட்ட நாளும் முக்கியம். பாதி ஈரமுள்ள 10 டன் மரம், வெயிலில் கிடந்து ஈரம் 30 சதவிகிதமாகக் குறைந்தால் எடை 7 டன்னுக்குச் சற்று மேல்தான் நிற்கும். மரம் குறையவில்லை, கையில் வரும் பணம் மட்டும் கிட்டத்தட்ட 3 டன்னுக்குக் குறைந்துவிடும். லாரி வருவது உறுதியான பிறகே கோடரியை எடுப்பது நல்லது. வெட்டிப்போட்டுக் காத்திருக்க நேர்ந்தால், ஈரத்தை அளந்து உலர்ந்த எடைக்கு விலை போடும்படி முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.